மறுசோறு

மகன் சீமையில் கலியாணம் பண்ணிக்கொண்டான் என்ற செய்தி வந்த பிறகுதான் தபீதாள் டீச்சர் பக்கத்து வீட்டு டெலிவிஷனை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தாள்.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கு முதல் டெலிவிஷன் பக்கீர் முகமது வீட்டுக்குத்தான் வந்தது. பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்த மனிதர். மாடியில் ஆன்டெனா ஏறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படத்துக்குத் தெருவே அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கிலீஷ் நாடகம் போடும் நாளில் மட்டும் கூட்டம் கலைந்துவிடும். அவர் மனைவி அக்தர் பேகம் ஒருத்திதான், கறுப்பு வெள்ளையில் யாரோ யாரிடமோ என்னவோ பேசுவதைப் பார்த்தபடி பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள்.

தபீதாளின் ஒரே மகன் ஜெபசீலன், லீட்ஸ் என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தான். கலியாணச் செய்தியில் பெண்ணின் பெயர் ஷீலா என்றிருந்தது. "ஷீலாவா? பாளையங்கோட்டைப் பக்கமா இருக்கும்" என்று அவள் கணவர் வேதசிரோமணி முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னார். அடுத்து புகைப்படம் வந்தது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாசரேத்தில் தன் சிநேகிதர் மகளை எடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் மகன் பெயர் வரவில்லை. பேசியே ஆகவேண்டிய இடத்தில் "உன் மகன்" என்பார்.

தபீதாளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறாள். ஆனால் பாடப்புத்தகத்து இங்கிலாந்தில் பூக்கள் பூத்தன, ராஜாக்கள் செத்தார்கள். யாரும் சமைக்கவுமில்லை, மாமியாரோடு மனஸ்தாபப்படவுமில்லை. ஒரு பெண் அங்கே எப்படி வளர்கிறாள், எதற்குச் சிரிப்பாள், எதற்கு முகம் வாடுவாள் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் சாயங்காலம் அக்தர் பேகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாடகம் ஒரு சின்ன ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. கடைக்காரி ஒரு விதவை. அவளோடு மகனும் மருமகளும் இருந்தார்கள். அந்தப் பெயர்கள் அக்தர் பேகத்தின் வாயில் நுழையாததால் அவள் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தாள். மாமியார் ரொட்டிக்காரம்மா, மருமகள் நெட்டச்சி. பேச்சை டீச்சர் தமிழில் சொல்வாள். முகத்தைப் பார்த்து அக்தர் பேகம் மீதியைச் சொல்வாள். பல நாள் இரண்டும் ஒத்துவராது.

ஒரு வாரம் வீட்டுக்கு விருந்தாளி வந்தான். சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்காரம்மா உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் வேண்டாம் என்றான். கிண்ணம் போய்விட்டது. அத்தோடு சரி.

அக்தர் பேகம் உரித்த பட்டாணியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா டீச்சரம்மா இது? ஒரு தபா கேட்டா, வேணாம்னான், கிண்ணத்த எடுத்துக்கினு பூட்டாளே! வந்தவன் மொதல்ல வேணாம்னுதானே சொல்வான்?"

"அவங்க வழக்கம் அப்படிப் போல பேகம். வேண்டாம்னா வேண்டாம்தான். மறுபடி கேட்டா அது மரியாதைக் குறைவு."

"நல்லா கீது மரியாதை! நம்ம வூட்ல இப்டிப் பண்ணா சம்பந்தமே முறிஞ்சிபூடும்."

டீச்சரும் சிரித்தாள். ஆனால் மனதில் குறித்துக்கொண்டாள்.

இன்னொரு வாரம் ரொட்டிக்காரம்மா தேய்த்த துணிகளை எடுத்துக்கொண்டு மருமகள் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். நெட்டச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் இறுகியது. அடுத்த வாரம் கையில் பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றாள். அக்தர் பேகத்துக்கு நம்பவே முடியவில்லை. "துணிய வெக்கப் போனதுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் தபீதாள் ஒவ்வொரு அறைக் கதவாகப் பார்த்தாள். அவள் வீட்டில் கதவுகள் இருந்தனவே தவிர, யாரும் யாருக்காகவும் அவற்றைத் தட்டியதில்லை.

நெட்டச்சி திரும்பி வந்தாள். வந்த பிறகு ஒரு அத்தைக்காரி அவளைப் பார்த்து, குழந்தை குட்டி எப்போது என்று மேசையில் எல்லார் முன்னாலும் கேட்டுவைத்தாள். முள்கரண்டி தட்டில் விழுந்தது. எல்லோரும் அவரவர் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"கேக்கக் கூடாதத கேட்டுட்டா" என்றாள் டீச்சர் மெல்ல.

"இதக் கேக்காம வேற இன்னாத்த கேக்கறது?" என்றாள் அக்தர் பேகம். அவளுக்கு ஆறு பேரப்பிள்ளைகள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. எழுபத்தேழு கிறிஸ்துமஸுக்கு ஷீலாவை அழைத்துக்கொண்டு வருவதாக ஜெபசீலன் எழுதியபோது, தபீதாள் தயாராகத்தான் இருந்தாள். வேதசிரோமணி, "வரட்டும். வீடு உனக்கும் சொந்தம்தானே" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு அவர் வரவில்லை. டாக்ஸி வாசலில் நின்றபோது கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஷீலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கையைக் குவித்து, "வணக்கம்" என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். "ம்" என்றார். மகனைப் பார்த்தும் ஒரு "ம்".

பெண்ணின் தலைமுடி செம்பட்டையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் பித்தளைப் பாத்திரம் மாதிரி மின்னியது. மதில் மேல் எட்டிப் பார்த்த அக்தர் பேகம் வாயில் கைவைத்தாள். டெலிவிஷனில் பார்த்துப் பார்த்து அந்த ஊரில் எல்லாருக்கும் சாம்பல் நிற முடிதான் என்று நினைத்திருந்தாளாம்.

தபீதாள் தான் கற்றதையெல்லாம் செய்தாள். காலையில் மகன் அறைக் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டு, பதில் வரும்வரை காபியோடு நின்றாள். டீக்குப் பாலைத் தனியாக வைத்தாள். ஷீலா தனியாக உட்கார்ந்திருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று விலகிப் போனாள். ஊர், குடும்பம், வயசு, சம்பளம் எதையும் கேட்கவில்லை. வயிற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். சபையிலிருந்து வந்த பெண்கள் கேட்க வாயெடுத்தபோது, அச்சுமுறுக்குத் தட்டை நடுவில் நீட்டிப் பேச்சை மாற்றினாள்.

சாப்பாட்டில்தான் அவள் பாடு திண்டாட்டமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்பாள். "நோ, தேங்க் யூ" என்பாள் ஷீலா. கை தானாகக் கரண்டியோடு நீளும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போவாள். கறிக்குழம்பு, மீன், ஆப்பம் எல்லாவற்றிலும் இதே கதை. பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டதா என்று தெரியாமல் எழுந்திருப்பது அவளுக்குப் பெரிய தண்டனை. ஆனாலும் மருமகளைப் புரிந்து நடக்கிற மாமியார் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை.

கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பிய அக்தர் பேகமும் மதிலுக்கு மேலாகக் குசுகுசுத்தாள்: "ரெண்டாந்தபா கேட்டுடாதீங்க டீச்சரம்மா. பெட்டியத் தூக்கினா இன்னா பண்றது?"

ஷீலா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வாடினாள். வந்த அன்று வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்தவள், இப்போது அறையை விட்டு வருவதே குறைந்துவிட்டது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தபீதாள் நினைத்தாள். ஜெபசீலன் பழைய சிநேகிதர்களைப் பார்க்கிறேன் என்று வெளியிலேயே சுற்றினான். அப்பாவின் மௌனமே போதும். அம்மாவும் கதவைத் தட்டிவிட்டு வேற்று மனுஷி மாதிரி நிற்கிறாள், சாப்பிடு என்று ஒரு அதட்டல்கூட இல்லை. அம்மாவின் கோபம் இப்படித்தான் வெளிப்படுகிறது போலும் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். கேட்டால் வெடித்துவிடுமோ என்று கேட்கவும் இல்லை.

புது வருஷம் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவன் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தயாளன் என்ற சிநேகிதனைப் பார்க்க ரயிலேறிப் போயிருந்தான். வேதசிரோமணி வழக்கமாக முன்னாலேயே தனியாகச் சாப்பிட்டுவிடுவார். அன்று சபைக் கமிட்டிக் கூட்டம் இழுத்துவிட்டதால் வர நேரமாகிவிட்டது. ஷீலா மேசையில் உட்கார்ந்திருந்தாள். பசியில் அவருக்கு வேறு வழியில்லை. மறுகோடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

குருவிக்குப் போட்ட மாதிரி சோறு அவள் தட்டில். அதை முடித்துவிட்டு விரலால் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு?" என்று இங்கிலீஷில் கேட்டாள் தபீதாள்.

"நோ, தேங்க் யூ."

பாத்திரம் அடுப்படியை நோக்கித் திரும்பியது. வேதசிரோமணி தற்செயலாகத் தலை நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் கண் பாத்திரத்தின் பின்னாலேயே போவதைப் பார்த்தார்.

"தபீ! சட்டிய எங்க கொண்டு போற?"

"அவ வேண்டாம்னுட்டா."

"வேண்டாம்னு சொன்னா? வீட்டுக்கு வந்த பிள்ளை வேற என்ன சொல்லும்?"

"உங்களுக்குத் தெரியாது. அவங்க வழக்கம் வேற. ரெண்டாம் தடவை கேட்டா தப்பா எடுத்துப்பாங்க."

"என்ன பெரிய வழக்கம்! அது கண்ணப் பாரு, சட்டியோடயே அடுப்படிக்குப் போகுது. கொண்டா இப்படி."

எழுந்து வந்து அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கினார். யாரையும் எதையும் கேட்கவில்லை. ஷீலாவின் தட்டில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது.

"டா" என்றாள்.

தபீதாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனாரைப் பார்த்து டா! ஆனால் வேதசிரோமணியின் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் ரயில்வேயில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவர் அவர். தாம்பரத்தை டாம்பரம் என்றுதான் அவர்கள் கடைசிவரை சொன்னார்கள். அந்த நாக்குக்குத் தகரம் வராது என்பது அவருக்குத் தெரியாதா?

"'தா'ங்குது பாரு! பொண்ணு தமிழ்ல கேக்குது, உனக்குக் காது கேக்கலையா?" இன்னொரு கரண்டி போட்டார்.

"டா" என்றாள் ஷீலா மறுபடியும், கொஞ்சம் திகைப்போடு.

"தரேன், தரேன். சாப்பிடு." மூன்றாவது கரண்டி. அதன் மேல் குழம்பு. அதன் மேல் இரண்டு கறித்துண்டு.

ஷீலா தட்டைப் பார்த்தாள். மேசை மேல் ஒரு குன்று நின்றது. கரண்டியோடு நிற்கும் மாமனாரைப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அப்படியே உடைந்து அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்து வாயில் போட்டாள். கையில் குழம்பு, கன்னத்தில் கண்ணீர், துடைக்கவும் வழியில்லாமல் சாப்பிட்டாள்.

வேதசிரோமணி பயந்துபோனார். "காரமா? தபீ, தயிர் கொண்டா, ஓடு!"

தபீதாள் தயிரோடு வந்து ஷீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னம்மா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு இங்கிலீஷில் கேட்டாள்.

ஷீலாவின் இங்கிலீஷ் டெலிவிஷன் இங்கிலீஷ் அல்ல. பாதி வார்த்தைகளை விழுங்கிவிட்டு மீதியை வேகமாக உருட்டிவிடும். ஆனால் அன்று ஒவ்வொரு வார்த்தையும் தபீதாளுக்கு விளங்கியது. பசி என்றாள். வந்த நாளிலிருந்தே பசி. பெட்டியில் கொண்டுவந்த பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது.

"அப்போ ஏன் வேண்டாம்னு சொன்னே?"

"ஜெப் சொன்னான். முதல் தடவையே சரின்னு சொன்னா அலையறேன்னு நினைப்பாங்க, ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும், மூணாவது தடவை அம்மா கேட்கவே மாட்டாங்க, போட்டுடுவாங்கன்னு. நான் வேண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நீங்க ரெண்டாவது தடவை கேட்கவே இல்லை." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அம்மா எல்லாத்தையும் துருவித் துருவிக் கேட்பாங்க, கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வந்து கட்டில்ல உட்கார்ந்துப்பாங்கன்னு சொல்லியிருந்தான். நீங்க கதவைத் தட்டிட்டு வெளியவே நின்னீங்க. என்னை இங்க பிடிக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

தபீதாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் தன் வீட்டு வழக்கத்தைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தான் அவள் வீட்டு வழக்கத்தைப் படித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறோம். நடுவில் சோறு அடுப்படிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் தயங்கித் தயங்கி, ரொட்டிக்கடை நாடகத்தைச் சொன்னாள்.

ஷீலா நிமிர்ந்தாள். "அதைப் பார்த்தா? எங்க அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்த வீட்டில் பியானோ இருக்கு! எங்க அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஏழு பேருக்கு ரெண்டு ரூம். தட்டறதுக்கு எந்தக் கதவு இருந்தது?" மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு சிரிப்பாகவே நின்றது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் வேதசிரோமணி, கரண்டியைக் கீழே வைக்காமல்.

"ஒரு வாரமாப் பட்டினியாம். நான் போட்ட பட்டினி."

"அதத்தான நான் சொன்னேன்" என்றார். இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்து, ஆறிப்போன தன் தட்டை இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு மிதப்பு.

டா என்றால் அவர்கள் ஊரில் நன்றி என்று அர்த்தம் என்பதைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழிக்கும்போது ஷீலா தபீதாளிடம் சொன்னாள். இரண்டு பேரும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவரிடம் சொல்லவேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். அவரோ அதற்குள் வாசலில் நின்று, மருமகள் ஒரு வாரத்தில் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று பக்கீர் முகமதுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்ட அக்தர் பேகம் தலையில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா, நானும்ல கேக்காதீங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்!" என்று ஒரு தூக்கு நிறைய சேமியா பாயசத்தோடு வந்து, ஷீலாவின் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தபீதாள் மகன் அறைக்குப் போனாள். கை பழக்கத்தில் தட்டப் போனது. தட்டாமல் திறந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த ஷீலா நகர்ந்து இடம் விட்டாள். தபீதாள் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகப் பூட்டிவைத்திருந்த கேள்வியைக் கேட்டே விட்டாள்.

"குழந்தை ஒண்ணும் இல்லையாம்மா?"

நாடகத்தில் நடந்த மாதிரி ஏதோ விழப்போகிறது என்று தபீதாள் பயந்தாள். ஒன்றும் விழவில்லை.

"இருந்தது. போன மார்ச்சில். ஐந்தாம் மாசத்தில் போயிடுச்சு. ஜெப் உங்களுக்கு எழுதவேண்டாம்னுட்டான். வருத்தப்படுவீங்கன்னு. எங்க அம்மா நான் இவனைக் கட்டினதிலிருந்து என்கூடப் பேசறதில்லை. நான் வேலை பார்க்கிற வார்டில் கூட இருக்கறவங்க எல்லாரும் நல்லவங்கதான். டீ போட்டுக் கொடுத்தாங்க. ஆனா இத்தனை நாளில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கலை. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

"ஆணா, பெண்ணா?"

"பெண்."

தபீதாள் அந்தத் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். நாஞ்சில் பக்கத்துத் தன் தாய் வீட்டில் பிரசவம் ஆகி, ஜெபசீலனுக்கு முன்னால் தான் இழந்த பிள்ளையைப் பற்றி, மகனிடம்கூடச் சொல்லாத கதையைச் சொன்னாள். எந்த வார்த்தை இங்கிலீஷ், எந்த வார்த்தை தமிழ் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷீலா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

ஜெபசீலன் இருட்டும் நேரத்தில் வந்தான். வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகப் பார்த்தான்.

"டேய்."

நின்றான். இரண்டு வருஷத்தில் அப்பா அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணு மீன் சாப்பிடுமா?"

"சாப்பிடுவா அப்பா."

"முள்ளு எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ வஞ்சிரம்தான் சரி. காலையில கோவளத்துலேருந்து மார்க்கெட்டுக்கு மீன் வரும். சீக்கிரம் எந்திரி, போகலாம். நல்ல மீனு பாத்து வாங்கத் தெரியாம வெளிநாட்டுல என்னத்தத் தின்னுக்கிட்டு இருக்கியோ."

"சரிப்பா" என்றான் ஜெபசீலன். அப்பா மறுநாளைக்குப் பெரிய பையாக ஒன்று எடுத்துவைக்கும்படி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.